ரேடியோவில் சொன்ன இடம்

ஸ்வெர்ரே கடலில் விழுந்து செத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. தம்பி எல்டோருக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய் சால்மன் பிடிக்கவைத்தான், திமிங்கிலம் காட்டினான், சாயங்காலம் கரையில் இறக்கிவிட்டான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

அன்று காலை படகுத்துறையில் அண்ணி ராக்னா நின்றிருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் காபி பிளாஸ்க். புருஷன் படகில் இருபது வருஷத்துக்கு மேல் தூண்டில் கட்டியவள். அவன் போனபின் துறைப்பக்கமே வராதவள்.

"இன்னைக்கு உனக்கு ஆள் வேணுமா?"

"வேணும்னு இல்லை அண்ணி."

"வீட்ல உட்கார்ந்தா சுவத்தைத்தான் பாக்கணும். நகரு." அவளே ஏறிக்கொண்டாள்.

அன்றைய விருந்தாளிகள் இரண்டே பேர். ஒஹையோவில் முப்பது வருஷம் கறிக்கடை வைத்திருந்த டுவேன், அவர் மனைவி லோர்னா. டுவேனுக்கு வாய் ஓயாது. ஒன்பது மணிக்குள் ஐஸ் பெட்டியில் இரண்டு கிங் சால்மன் விழுந்துவிட, வாய் இன்னும் அகலமானது. "இதை வெட்டினா எத்தனை துண்டு வரும்னு கண்ணாலயே சொல்லிடுவேன்" என்றார். "அதுக்கு முன்னாடி அதைத் தூக்க உனக்கு முதுகு இருக்கா பாரு" என்றாள் லோர்னா.

அப்போது ரேடியோ கரகரத்தது. துறையில் பக்கத்தில் படகு கட்டுகிற ஹால்வோர். "எல்டோர், எங்கப்பா இருக்க? கடிக்குதா?"

"எங்க கடிக்குது. வடக்க சும்மா சுத்திட்டிருக்கேன்" என்றான் எல்டோர். படகு நின்றதோ தெற்கே.

டுவேன் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், எல்டோரைப் பார்த்தார். "இப்படிப் புளுகறீங்களே."

புளுகாமல் என்ன செய்வது? ஊரில் உள்ள படகெல்லாம் ஒரே அலைவரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறது. மீன் கடிக்கிற இடத்தை வாய்விட்டுச் சொன்னால் அரை மணியில் பதினைந்து படகு வந்து தலைமேல் நிற்கும். ஹால்வோரும் புளுகுவான், ஹால்வோரின் அப்பனும் புளுகினான். கேட்கிறவனும் நம்புவதில்லை, சொல்கிறவனும் நம்பச்சொல்வதில்லை. கரைக்கு வந்தால் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அலாஸ்காவின் இந்தப் பீட்டர்ஸ்பர்க்கில் இதைப் பாவம் என்று எந்தப் பாதிரியாரும் சொன்னதில்லை.

பதினோரு மணிக்குத் திமிங்கிலங்கள் வந்தன. முதலில் தூரத்தில் இரண்டு மூச்சு எழும்பியது, பிறகு நாலு. படகை நோக்கித்தான் வந்தன. எல்டோர் எஞ்சினை நியூட்ரலில் போட்டான். திமிங்கிலம் பக்கத்தில் வந்தால் தண்ணீரில் ஒரு கயிறு இருக்கக்கூடாது. ராக்னா மளமளவென்று தூண்டில்களைச் சுருட்டி ஏற்றினாள். பிறகு தண்ணீருக்குள் இறக்கும் மைக்கைப் பக்கவாட்டில் விட்டாள். பின்தளத்து ஸ்பீக்கரில் திமிங்கிலம் முனகுவது கேட்டது. லோர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். டுவேன்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்.

விருந்தாளிகளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று ராக்னா பழக்கத்தில் சுக்கான் அறைக்குள் வந்து ரேடியோவைக் குறைக்கக் கை நீட்டினாள். எல்டோர் அந்தக் கையைப் பிடித்துவிட்டான்.

"குறைக்காதீங்க."

"எப்பவும் குறைக்கறதுதானே."

"இனிமே குறைக்க வேண்டாம்."

அவள் கையை உருவிக்கொண்டாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். ஊற்றவில்லை.

"எல்டோர், எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. அவரு ஃபான்ஷா முனையில இருந்தாரு. உடம்பு கெடைச்ச பல்லுப்பாறை எதிர்க்கரை, அங்க ஏன் போனாரு? அன்னைக்கு இருந்த காத்துல யாராவது குறுக்க கடப்பாங்களா?"

எல்டோர் கண்ணாடி வழியே திமிங்கிலங்களைப் பார்த்தான்.

"காலையில சண்டை. தனியா போகாதேன்னேன், கேக்கலை. போய்த் தொலைன்னுட்டேன். அந்தக் கோபத்துலதான் கண்ணு மண்ணு தெரியாம கடந்திருக்காரு. படுத்தா அதுதான் வருது. நான்தான் அவரைக் கடக்க வெச்சேன்."

ஆறு வாரமாக எல்டோர் பயந்துகொண்டிருந்தது தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான். அவள் இப்படி ஒரு கல்லைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இப்போது வாயைத் திறந்தால் இவளும் போய்விடுவாள். இவளை விட்டால் உறவென்று சொல்ல அவனுக்கு ஆளில்லை. திறக்காவிட்டால் சாகும்வரை இவள் அந்தக் கல்லோடு படுத்து எழுவாள்.

"அண்ணன் கடக்கவே இல்லை அண்ணி."

அவள் நிமிர்ந்தாள்.

"காலையிலயே பல்லுப்பாறைக்குத்தான் போறேன்னு துறையில எங்கிட்ட சொன்னான். அங்க மீன் புதுசா வந்திருக்கு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னான். நாலு மணிக்கு அண்ணன் எங்கன்னு நீங்க ரேடியோவுல கேட்டீங்க. எல்லாப் படகும் கேட்டுட்டிருந்துச்சு. சாப்பாட்டுக்குத்தான் தேடறீங்கன்னு நெனச்சேன். ஃபான்ஷா முனைன்னு வாயில வந்துடுச்சு."

பின்தளத்தில் திமிங்கிலம் நீளமாக முனகியது. லோர்னா சிரித்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் விருந்தாளிங்க திமிங்கிலம் கேக்கணும்னு ரேடியோவைக் குறைச்சேன். ஒண்ணரை மணி நேரம். மறுபடி சத்தத்தைக் கூட்டினப்ப ஊர் முழுக்க முனையில தேடிட்டிருந்துச்சு. அங்க இல்லைன்னா பல்லுப்பாறையில பாருங்கன்னேன். ஏதோ இப்பத்தான் தோணின மாதிரி சொன்னேன்."

மிதவைச் சட்டை போட்டிருந்ததால் ஒரு மணி நேரமாவது உயிரோடு இருந்திருப்பான் என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

ராக்னா பிளாஸ்கை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கழற்றி மறுபடி மூடினாள்.

"அப்போ என்னால இல்லை."

"உங்களால இல்லை."

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அழுவாள் என்று காத்திருந்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். கன்னத்தில் வலித்தாலாவது தான் உயிரோடு இருப்பது தெரியும்.

"இத்தனை வருஷத்துல ரேடியோவுல நீ சொன்ன ஒரு இடத்தைக்கூட நான் நம்பினதில்லை எல்டோர்" என்றாள். "அன்னைக்குப் பயத்துல நம்பிட்டேன். கடலோரக் காவல்படைக்கு முனைன்னு சொன்னது நான்தான்."

"அண்ணி, அது உங்க..."

"விடு."

வெளியே டுவேன் கண்ணாடியைத் தட்டினார். "கேப்டன், வாலைத் தூக்குது, வாங்க." ராக்னா எழுந்து போய் லோர்னாவின் செல்பேசியை வாங்கி, இருவரையும் சேர்த்து நிறுத்தி, வால் தண்ணீருக்குள் போவதற்குள் படம் எடுத்துக்கொடுத்தாள். "இன்னொண்ணு எடுக்கவா?" என்று கேட்பதுகூட அவனுக்குக் கேட்டது.

திமிங்கிலங்கள் போனதும் மைக்கை ஏற்றித் துடைத்துச் சுருட்டி வைத்தாள். பிறகு கதவருகே வந்து நின்றாள்.

"நாளையிலேர்ந்து நான் வரலை."

"சரி அண்ணி." அவள் திரும்புமுன் கேட்டான், "கோபமா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"இல்லை. இன்னும் ஒண்ணும் வரலை. வந்தா வந்து சொல்றேன்."

எல்டோர் எஞ்சினைக் கியரில் போட்டுக் கரைப்பக்கம் திருப்பினான். அந்தக் கோபம் அவளுக்குச் சீக்கிரம் வரவேண்டும், அதைச் சொல்லவாவது ஒரு நாள் அவள் தன் கதவைத் தட்டவேண்டும் என்று மட்டும் அவனுக்கு இருந்தது.