கனமானது முன்னால்

என் மச்சானுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான்: லாரியில் சாமான் ஏற்றுவது. வீடு மாற்றிக் கொடுக்கும் எங்கள் கம்பெனியில் அவர்தான் சூப்பர்வைசர். கனமானது முன்னால், டிரைவர் முதுகை ஒட்டி. லேசானது பின்னால், கதவோரம். இதில் தப்பே கிடையாது. அதே மனுஷர் எங்கள் கால்பந்து டீமுக்கும் கோச் ஆனதுதான் என் தலையெழுத்து.

சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அட்டைப்பெட்டி மூடியில் லாரியை வரைந்து, அதற்குள் எங்களை ஏற்றினார்.

"அஞ்சு பேர் முன்னால. பீரோ நடுவுல, ஃப்ரிட்ஜ் பக்கத்துல." பீரோவும் ஃப்ரிட்ஜும் எங்கள் ஆட்கள்தான், தூக்குகிற சாமானும் அவர்களும் ஒரே எடை. "மிச்சம் அஞ்சு பேர் அவங்களுக்கு முட்டுக் குடுக்கணும். அடிச்சுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப பின்னால யாரு மச்சான்?"

"நீதான் மாப்ளே. மெத்தை, தலையணை எல்லாம் பின்னாலதானே போகும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் கோல்கீப்பர். மறுநாள் நாங்கள் மோதவிருந்த தபால்காரர்கள் டீம் போன வருஷம் எனக்கு ஒன்பது கோல் போட்டது வாஸ்தவம். அதற்காகத் தலையணையா?

"இந்தத் தடவை ஒரு கோல் விட்டாலும் கிளவுஸைக் கழட்டி நம்ம ஆபீஸ் கிளார்க்குகிட்ட குடுத்துடு, இனிமே அவன் கீப்பரா நிக்கட்டும்," என்று வேறு சொல்லிவிட்டார்.

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவன் சாமானைச் சுமக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த கிளவுஸ்தான் எனக்கென்று இருக்கிற ஒரே சாமான். பதினேழு வருஷமாகப் போடுகிறேன். ராத்திரி அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் ஆட்டம் தொடங்கியதும் பத்துப் பேரும் போய் எதிர் கோலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பந்து நுழைய இடமில்லை, நாங்கள் உதைத்த பந்துக்கும்தான். பாதி மைதானத்துக்கு நான் ஒருத்தன் காவல்.

ஒருத்தன் என்றும் சொல்ல முடியாது. தபால்காரர்களில் ஒரு நெட்டையன் வந்து என் அருகிலேயே நின்றுகொண்டான். ஓடி அலைவானேன், பந்து வந்தால் தட்டிவிடலாம் என்று எண்ணம். ஆனால் அவனுக்கு முன்னால் என்னைத் தவிர எங்கள் ஆள் யாருமில்லை. அதனால் பந்து அவனிடம் வந்தபோதெல்லாம் ரெஃப்ரி ஆஃப்சைடு என்று ஊதினார். ஏழு தடவை ஊதினார்.

"அண்ணே, ஒரு ஆளையாவது பின்னால வரச் சொல்லுங்களேன்," என்று என்னிடமே கெஞ்சினான்.

"நேத்துலேருந்து நானும் அதைத்தான் சொல்றேன். யார் கேக்கறா?"

கடைசி ஐந்து நிமிஷத்தில் அவனுக்குப் புத்தி வந்தது. ஆஃப்சைடு இல்லாத தங்கள் பாதியிலேயே நின்று பந்தை வாங்கி, அங்கிருந்தே ஓடி வந்தான். குறுக்கே ஈ காக்கை இல்லை. கிளவுஸ் போச்சு. கையை விரித்துக்கொண்டு எதிரே ஓடினேன். மாடிப்படியில் சாமானோடு இறங்குகிறவர்களுக்கு இருபது வருஷமாகக் குரல் கொடுக்கிறவன் நான். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாத்து, பாத்து, கீழ படி இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். கால் பின்னி விழுந்தான். பந்து உருண்டு வந்து என் கையில் உட்கார்ந்தது.

ரெஃப்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். ஆளை ஏமாற்றக் கத்தினேனாம். கோலுக்கு நேர் எதிரே, இருபதடி தூரத்தில், அவர்களுக்கு ஃப்ரீ கிக்.

மச்சான் முகம் வெளிறிவிட்டது. "எல்லாத்தையும் பின்னால இறக்குங்கடா," என்றார். பத்துப் பேரும் மூச்சிரைக்க வந்து கோல் வாசலைத் தோளோடு தோளாக அடைத்தார்கள். ஒருவன் தட்டிவிட, நெட்டையன் ஓங்கி உதைத்தான். பந்து பீரோவின் வயிற்றில் பட்டு மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. ஆட்டமும் முடிந்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கிளவுஸால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

மச்சான் அந்தப் பெட்டி மூடியைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ளே, தப்பு என்னுது. இனிமே கனமெல்லாம் பின்னாலதான்." பத்துப் பேரையும் கோல் வாசலில் வரைந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

"முன்னால ஒருத்தன் மட்டும் நின்னாப் போதும்," என்றார்.

"யாரு?"

"பாதி கிரவுண்டுல தனியா நின்னு பழகினவன் வேற யாரு இருக்கா?"

கிளவுஸ் பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

"நிக்கிறேன் மச்சான். ஆனா கிளவுஸைக் கழட்ட மாட்டேன்."