நல்லா இருக்கறேனுங்க

அன்புக்கரசிக்கு வந்த ஆத்திரத்தில் டாக்டரின் மேசையையே புரட்டிப் போட்டிருப்பாள். குறுக்கே கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தார்கள். கொரோனா வந்ததிலிருந்து டாக்டர்களும் பாங்க் கேஷியர் மாதிரி கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்காருகிறார்கள்.

"சிறுநீர்ப்பையோட சதைக்குள்ள புற்று எறங்கிடுச்சும்மா," என்றார் டாக்டர் வெங்கடபதி. "சுரண்டி எடுக்கற கட்டத்தைத் தாண்டியாச்சு. இனிப் பையையே எடுக்கணும். வயித்துல ஒரு வழி பண்ணி, வெளியில ஒரு பை ஒட்டிருவோம். ஒண்ணுக்கு அதுலதான் எறங்கும்."

பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் புருஷன் ரூபன், மடியில் மூத்திரப் பையோடு, அதுவும் சரிதான் என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரூபன் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பாதி ஆயுசைக் கழித்தவன். இப்போது பீளமேட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். பிப்ரவரியில் ஒன்றுக்குப் போகும்போது ரத்தம் வந்தது. இதே வெங்கடபதிதான் கேமரா விட்டுப் பார்த்துக் கட்டியைச் சுரண்டி எடுத்தார். இது பொல்லாத கட்டி, ஒன்றரை மாதத்தில் மறுபடியும் உள்ளே பார்த்துச் சுரண்டியே ஆகவேண்டும், விட்டால் வேர் பிடித்துவிடும் என்று தன் வாயாலேயே சொன்னார். அந்த ஒன்றரை மாதம் முடிவதற்குள் ஊரையே பூட்டிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வார்டையெல்லாம் கொரோனாவுக்கு ஒதுக்கிவிட்டோம், உயிர் போகிற அவசரம் இருந்தால்தான் ஆபரேஷன் என்றாள் ஒரு பெண். பிறகு, "எப்படி இருக்கீங்க சார்?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கறேனுங்க," என்றான் ரூபன். "நம்முளுது மொள்ளப் பாத்துக்கலாமுங்க. பாவம், நீங்களே எத்தனை செரமத்துல இருக்கறீங்க. சாப்புட்டீங்களா?"

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் யாரை எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் முதலில் வருகிற பதில் அதுதான். காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடப்பவனும் நல்லா இருக்கறேனுங்க என்று சொல்லி, வந்தவருக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வலிக்கிறது என்பான். எடுத்த எடுப்பில் நோயைச் சொல்வது மரியாதை இல்லை. கேட்டவர் இன்னொரு தரம் கேட்க வேண்டும். அந்தப் பெண் இன்னொரு தரம் கேட்கவில்லை. சரிங்க சார் என்று வைத்துவிட்டாள்.

மே மாதம் அதே போன், அதே பதில். ஜூலையிலும் அப்படியே. அன்புக்கரசி காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறவள். ஹாஸ்டலைக் கொரோனா முகாம் ஆக்கியதால் விடிந்தால் போய் இருட்டினால்தான் வீடு திரும்புவாள். அவளுக்குத் தெரியாமல் அவன் தினமும் ரத்தமாகப் போய், வாளித் தண்ணீரை ஊற்றி அலசிவிட்டு வந்திருக்கிறான். கடைசியில் ரத்தம் உறைந்து வழியை அடைத்து, ஒரு சொட்டு இறங்காமல் அடிவயிறு பானையாக உப்பி அவன் கத்தியபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அப்போதும் ஆஸ்பத்திரிக்காரர்கள் மூக்கில் குச்சி விட்டு, ரிசல்ட் வரட்டும் என்று வாசலில் வெயிலில் உட்கார வைத்தார்கள். அப்புறம் குழாய் போட்டு, உள்ளே பார்த்து, ஸ்கேன் எடுத்து, இன்றைக்கு இந்தச் சேதி.

"ஒன்றரை மாசம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றாள் அன்புக்கரசி.

"சொன்னேன்மா. இங்கேருந்து மூணு தடவை போன் பண்ணியிருக்காங்க. மூணு தடவையும் நல்லா இருக்கேன்னுதானே சொல்லியிருக்காரு?"

"நாந்தான் அப்படிச் சொல்லிப்போட்டேனுங்க," என்று ரூபன் அவசரமாகக் குறுக்கிட்டான். "அவங்க மேல தப்பில்லீங்க டாக்டர்."

அவ்வளவுதான், அவள் எழுந்துவிட்டாள்.

"நல்லா இருக்கறயான்னு கேக்கறதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு? அதை எங்க பால்காரன் கேப்பான். ஒண்ணுக்குல ரத்தம் போகுதான்னு கேட்டாளா அவ? பொல்லாத கட்டின்னு தெரியும், வேர் புடிக்கும்னு தெரியும். அத்தனையும் தெரிஞ்சு வெச்சுட்டு, சம்பந்தம் பேச வந்தவனாட்டம் சௌக்கியம் விசாரிச்சயாய்யா நீ?"

"அம்மணி, டாக்டரைப் போயி..." ரூபன் பதறினான். அவள் யாரிடமும் இப்படி மரியாதை இல்லாமல் பேசி அவன் கேட்டதில்லை.

"நீங்க வாயை மூடுங்க! உங்க மரியாதைல தீயை வெக்க! ரத்தத்தை அலசி ஊத்திப்போட்டு அவளைச் சாப்புட்டியான்னு கேட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

வெங்கடபதி கண்ணாடிக்குப் பின்னால் பேனாவை மூடி வைத்தார். "ரத்தம் வருதான்னு கேட்டிருக்கணும்," என்றார். "அப்படிக் கேக்கச் சொல்லி நான்தான் சொல்லியிருக்கணும். தப்புதான்மா."

தப்புதான் என்று ஒப்புக்கொள்கிறவனை என்ன செய்வது? சண்டைக்கு வந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"இன்னும் வெளியில பரவலை. சீக்கிரம் எடுத்தா பொழைச்சுக்குவாரு," என்றார் டாக்டர்.

"எப்போ?"

"அடுத்த மாசம். கேன்சருக்கு வியாழக்கிழமை மட்டும்தான் தியேட்டர் தர்றாங்க."

"அது வரைக்கும் பரவாம இருக்குமா?"

டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை மறுபடியும் புரட்டினார். அன்புக்கரசி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவை மறித்துத் தரையில் உட்கார்ந்தாள். "வர்ற வியாழக்கிழமை செய்யி. இல்லைன்னா நான் எந்திரிக்க மாட்டேன். போலீசைக் கூப்புட்டாலும் சரி."

நர்ஸ் ரித்திகா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். அவள் அசையவில்லை. கடைசியில் டாக்டர், "வர்ற வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு இருக்கறவங்க தள்ளிப் போட ஒத்துக்கறாங்களான்னு கேளு," என்று ரித்திகாவிடம் சொல்லிவிட்டு, அன்புக்கரசி நகர்ந்து கொடுத்த இடைவெளியில் வார்டுக்குப் போனார்.

ரித்திகா ஸ்பீக்கரில் போட்டாள். அந்த நோயாளியின் வீடு பவானியில்; அவர் மனைவி, வயசான பெண்குரல், எடுத்தது.

"ஐயா எப்படி இருக்காருங்கம்மா?"

"தெம்பாத்தான் இருக்கறாரு கண்ணு. பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. என்னது, தள்ளிப் போடோணுமுங்களா? அதுக்கென்னுங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. கஷ்டப்படறவங்களை மொதல்ல பாருங்க."

ரித்திகா போனைக் கையால் பொத்திக்கொண்டு அன்புக்கரசியைப் பார்த்தாள். இன்னொரு தரம் கேட்டால் அந்தம்மா உண்மையைச் சொல்லிவிடுவாள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

"ரத்தம் போகுதான்னு கேக்கச் சொல்லு அம்மணி," என்றான் ரூபன் மெதுவாக.

அன்புக்கரசி அவன் கையை வலிக்கும்படி அழுத்தினாள். "பேசாம இருங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரிங்கம்மா, அடுத்த மாசம் கூப்பிடறோம்," என்று ரித்திகா போனை வைத்தாள்.

அந்தப் பவானிக்காரி நாசமாய்ப் போகட்டும், என்ன கேடு வந்தது அவளுக்கு, தன் புருஷனுக்காக ஒரு சண்டை போடத் தெரியாதா என்று அன்புக்கரசிக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. தன்னை இப்படி ஒருத்தியாக ஆக்கிவிட்ட எல்லோர் மேலும் எரிந்தது. பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரோணுமுங்க?" என்று கேட்டாள்.