வலை பிடித்தவன்

மூன்றாவது இழுப்பில் புல்வெட்டும் இயந்திரம் உறுமியது. வீட்டுக்குள் ஒப்பாரி ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

"அப்பன் உள்ள கெடக்குறாரு, இவ மிஷினத் தூக்கிட்டா பாரு," என்றாள் அத்தை, தாழ்வாரத்திலிருந்து.

"வெட்டட்டும்மா," என்றார் கூடாரம் போட வந்த பத்துமலை. "புல்லு முட்டிக்கு நிக்குது லா. பாம்பு கீம்பு இருந்தா யாரு பொறுப்பு? எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் எத்தனையோ வாசல்களில் புல் வெட்டி ஒழுங்காக வைத்திருந்த ராமையாவுக்குத் தம் வாசலைக் கவனிக்க நேரம் கிடைத்ததில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சரிந்துவிட்டார்.

அவர் மகள் சாந்தினி இயந்திரத்தைத் தோளில் மாட்டினாள். சாலையோரம் உறவினர்களின் கார்கள் வரிசையாக நின்றன. சுழலும் நைலான் நரம்பு ஒரு கல்லைத் தெறிக்கவிட்டால் ஏதேனும் ஒரு கண்ணாடி உடையும். அதனால் ஒருவர் வெட்ட, இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிய பச்சை வலையை இன்னொருவர் காருக்கு முன்னால் பிடித்து நகர வேண்டும். இதுவரை அந்த இன்னொருவர் அப்பா.

அவள் யாரையும் கூப்பிடுவதற்கு முன்பே, இறுதிச் சடங்குக்காகத் தலை முழுகிய ஈரத்தோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷர்வின் வலையை எடுத்தான். அவளுக்கு ஐந்து வயது இளைய தம்பி. ஈப்போவில் கைப்பேசிக் கடையில் வேலை. அவளுக்குத் தெரிந்தவரை, பேருந்து நிலையத்துக்குப் போவதற்காக மட்டுமே அவன் அவர்களுடைய புல்வெட்டு லோரியில் ஏறியிருக்கிறான்.

அவள் வெட்டத் தொடங்கினாள். ஷர்வின் அவளுக்கு அரையடி முன்னால் நகர்ந்தான். அவள் திரும்பும் இடத்தில், சொல்லாமலே திரும்பினான். வெறுங்காலின் பெருவிரலால் வலையின் கீழ்விளிம்பைத் தரையோடு அழுத்தியபடியே நகர்ந்தான்.

சாந்தினி அதைக் கவனித்தாள். கீழ்விளிம்பை அழுத்தாவிட்டால் கல் வலைக்கடியில் நுழைந்து போய்விடும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. வலை பிடித்துப் பழகியவருக்குத்தான் தெரியும். "அடிய மிதிம்மா, அடிய மிதி" என்று அப்பா சொல்லிச் சொல்லி, அவளுக்கே அது பழக மூன்று மாதங்கள் ஆயின.

வாசல் முடிந்ததும் இயந்திரத்தை அணைத்தாள்.

"எப்பப் பழகுன?"

"எதக்கா?"

"அடிய மிதிக்கிறத."

"சும்மா... பாத்திருக்கேன்ல," என்றான். அவளைப் பார்க்காமல் வலையைச் சுருட்டினான். அதையும் சரியாகவே சுருட்டினான்.

வேலை செய்த தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது ராமையா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் முதுகில் தொட்டியைச் சுமந்து ரப்பர் மரங்களுக்கிடையே களைமருந்து அடித்தவர். 'மருந்தடிச்சு சாகடிச்ச புல்ல, இனிமே வெட்டிச் சம்பாதிப்போம்பா' என்று சொன்னவள் சாந்தினி. கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டாள். லோரி ஓட்டக் கற்றாள். வீடு வீடாகச் சென்று ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசினாள். லோரியின் கதவில் எழுதியிருந்த தொலைபேசி எண் அவளுடையது. புல் வெட்டும்போது போடும் ரப்பர் சப்பாத்து அவள் கால் அளவில் கடையில் கிடைப்பதில்லை என்று அப்பா சொன்னதால், அவருடைய பழைய சோடியில் துணி திணித்து, ஐந்து ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குச் சதாசிவம் மாலையோடு வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கோயில் தலைவர். கோயில் திடலை வெட்டும் வேலையை முதன்முதலில் கொடுத்தவர் அவர்தான். மாலையைச் சாத்திவிட்டு ஷர்வினின் தோளில் கை வைத்தார்.

"தைரியமா இருக்கணும் தம்பி. உன்னத் திடலுக்குக் கூட்டிட்டு வந்து, 'இனிமே இவன்தான் சார் பாஸு, தீபாவளி கழிச்சு எல்லாம் இவன் கையில'ன்னு சொன்னாரே... அன்னிக்கு அவரு முகத்தப் பாக்கணுமே!" பிறகு சாந்தினியின் பக்கம் திரும்பினார். "நீயும் இனிமே வெயில்ல அலைய வேணாம்மா. அப்பா உன்னப் பத்தியும் யோசிச்சுதான் செஞ்சிருக்காரு."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

"எப்ப வந்தாங்க சார்?"

"சனிக்கிழமைங்கள்லதான். உனக்குத் தெரியாதா?"

இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் அப்பா, "நீ ரெஸ்ட் எடும்மா, சின்ன வேலதான், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி லோரியை எடுத்துக்கொண்டு போவார். அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள். அப்பாவுக்குத் தன்மேல் எவ்வளவு கரிசனம் என்று அத்தையிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அம்மா சடலத்தின் தலைமாட்டில் இருந்தாள். சாந்தினி அவளருகே குனிந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

எதைப் பற்றி என்று அம்மா கேட்கவில்லை.

"அவன் கடை வேலைய உட்டுட்டு நிக்கிறான். நீ நாளைக்கி ஒருத்தன் வீட்டுக்குப் போறவ. உங்கிட்டச் சொல்ல அவருக்கு வாய் வரலடி."

"உனக்கு வந்திருக்கலாம்ல?"

அம்மா கை நீட்டி, அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த காசை நேராக்கினாள். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

பிண வண்டி வந்தபோது லோரி வழியை மறித்து நின்றது. "யாராச்சும் லோரிய எடுங்கலா!" என்று பத்துமலை கத்தினார். கதவருகே உள்ள ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு சாந்தினியே போனாள். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளியபோது ஏதோ தடுத்தது. கையை விட்டு இழுத்தாள். ஒரு சோடி புதிய ரப்பர் சப்பாத்து. உள்ளே திணித்த காகிதம்கூட எடுக்கப்படவில்லை. அடியில் ஒன்பதாம் எண். அப்பாவுக்கு ஆறு. அந்த வீட்டில் ஒன்பது ஒருவனுக்குத்தான்.

லோரியை ஓரமாக நிறுத்தினாள். ஷர்வின் நெருப்புச் சட்டியோடு முன்னே நடக்க, அப்பா போனார். பெண்கள் தெருமுனையோடு திரும்பி வீட்டைக் கழுவினார்கள். தண்ணீர் அவள் வெட்டிய புல்லின் மேல் ஓடியது. பிறகு அவள் வலையை அலசிக் கொடியில் விரித்தாள். தன் சப்பாத்துகளிலிருந்து துணிகளை உருவினாள். அப்பா உடுத்திக் கிழிந்த சாரத்தின் துண்டுகள். அவற்றையும் அலசி வலைக்குப் பக்கத்தில் போட்டாள்.

வெயில் சாயும்போது ஆண்கள் ஈப்போ மின்சுடலையிலிருந்து திரும்பினார்கள். சுடலை சென்றவர்கள் கால் கழுவி நுழைவதற்காக வாசலில் வாளித் தண்ணீர் இருந்தது. வாளியை ஒட்டிப் புதிய சப்பாத்துகள், முனைகள் வீட்டைப் பார்க்க, நேராக வைக்கப்பட்டிருந்தன.

காலில் தண்ணீர் ஊற்றப் போன ஷர்வின் அவற்றைக் கண்டு நிறுத்தினான்.

"அக்கா," என்றான்.

அவன் நிமிர்ந்து கதவைப் பார்த்தான். கதவருகே லோரிச் சாவி தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.