காய்ச்சல் மருந்துக்காரருக்குக் காய்ச்சல்

குமாசி நகரத்துப் பஸ் நிலையத்தில் வேன் நிரம்பினாலும் டிரைவர் உடனே கிளம்பிவிடமாட்டார். அஜெகும் என்ற மருந்துக்காரர் ஏறிப் பயணம் நல்லபடி முடிய ஜெபம் சொல்லவேண்டும். பிறகு தன் மரப்பட்டைக் கஷாயத்தைத் தூக்கிப் பிடித்துப் பிரசங்கம் செய்யவேண்டும். காய்ச்சல் முதல் இடுப்பு வலி வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பாட்டில்தான். சனங்களும் ஆசையாக வாங்குவார்கள்.

அன்று அவர் விற்க வரவில்லை. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக் கடைசி சீட்டில் ஒடுங்கிக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை பிடித்த காய்ச்சல் சொந்த மருந்துக்கு அசைவதாக இல்லை. காலையில் மனைவி பொகுவா பொரிந்து தள்ளிவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் குடுத்தீங்களே, உங்களுக்குக் கேட்டுச்சா? மானத்தை அப்புறம் பாத்துக்கலாம், பேசாம ஆஸ்பத்திரிக்குப் போங்க."

குமாசி ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் பாதிப்பேர் அவருடைய வாடிக்கையாளர்களாக இருப்பார்கள். அதனால்தான் யாருக்கும் தெரியாத வெளியூர் ஆஸ்பத்திரிக்கு இந்தத் திருட்டுப் பயணம். ஆனால் டிரைவர் டானோவின் கண்ணாடிக்குத் தப்ப முடியுமா?

"என்ன டாக்டரே, ஒளிஞ்சு உக்காந்திருக்கீங்க? வந்து ஜெபம் சொல்லுங்க. நீங்க சொல்லாம வண்டி நகராது."

வேறு வழியில்லை, எழுந்தார். ஜெபத்தை முடிப்பதற்குள் பல் தந்தியடித்தது. பழக்கதோஷத்தில் கை பையிலிருந்த பாட்டிலை எடுத்துவிட்டது. "காய்ச்சலா, டைஃபாய்டா..." என்று ஆரம்பித்தவருக்கு உடம்பு முழுக்க வெடவெடவென்று ஆடியது.

"பரிசுத்த ஆவி வந்துடுச்சு, பாருங்க மனுஷன் எப்படி நடுங்குறாருன்னு" என்றார் ஒரு பெரியவர். அவ்வளவுதான், வேன் முழுக்க அல்லேலூயா. எங்கே பார்த்தாலும் நீட்டிய கைகள். இப்படி ஒரு வியாபாரத்தை அஜெகும் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

முன் சீட்டில் டூஃபியே என்ற இளம்பெண். முதுகில் துணியால் கட்டிய குழந்தை வாடிப்போய்த் தலையைச் சாய்த்திருந்தது.

"எனக்கும் ஒண்ணு குடுங்க மாமா. காய்ச்சலுக்காகப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போறேன். ஆண்டவரே உங்க மூலமா பேசறப்போ ஊசி எதுக்கு? நான் இங்கயே இறங்கிக்கறேன்."

அவள் மூட்டையை எடுத்துவிட்டாள். அஜெகும் குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். தன் நெற்றியைப் போலவே கொதித்தது. பாட்டிலை விற்றால் இவள் வீட்டுக்குப் போய்விடுவாள். நாளைக்கு இந்தக் குழந்தை என்ன ஆகும்?

"இறங்காதேம்மா" என்றார். "என்னை ஆட்டறது ஆவி இல்ல, குளிர்காய்ச்சல். இந்த மருந்தைக் குடிச்சும் கேக்கல. நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

டானோ ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அஜெகுமுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டூஃபியே மட்டும் சிரிக்காமல் மூட்டையைக் கீழே வைத்து உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவருக்கும் குழந்தைக்கும் மலேரியா. "நாட்டு மருந்து ஏதும் குடிச்சீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். எல்லோரும் இல்லை என்று சொல்லும் இடம் அது. அவர் பாட்டிலையே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சொன்னீங்களே, அதுவே பெரிசு. மறைச்சா எதோட எது சேருதுன்னு தெரியாமத்தான் நாங்க மாத்திரை குடுக்கணும்" என்றாள் அவள்.

மாத்திரையை இருவரும் கடைசிவரை விடாமல் சாப்பிட்டார்கள். குழந்தை எழுந்து ஓடத் தொடங்கியது. அஜெகும் மறுபடி வேன் ஏறினார். இப்போது அவர் பிரசங்கமே வேறு.

"பசி எடுக்கலியா, அசதியா, எங்கிட்ட வாங்க. காய்ச்சல்னா முதல்ல ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க. நாட்டு மருந்து குடிச்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க."

"இப்படிப் பேசினா வியாபாரம் படுத்துடும் டாக்டரே" என்று டானோ சீண்டினார்.

"படுக்கட்டும், சனங்க எழுந்து நடந்தாப் போதும்" என்றார் அஜெகும். "எந்த மருந்தை நம்பறதுங்கறது அவங்கவங்க இஷ்டம். ஆனா என்ன நோய்ங்கறது யாரோட இஷ்டமும் இல்லப்பா. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மருந்தைத் தேடணும்."