ஒரு மீட்டருக்கு ஒன்றரை மில்லி

என் கணவர் தௌபிக்கும் என் அண்ணன் சுபியானும் நாலு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. தன் மகள் சமரீன் கல்யாணத்தில் அண்ணன் இவரை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை. பிரியாணி அன்றே செரித்துவிட்டது, கோபம்தான் செரிக்கவில்லை.

தருமபுரியில், பென்னாகரம் ரோட்டில் இருவருக்கும் சேர்ந்து ஒரு மரப்பட்டறை. கதவில் பூவேலை செதுக்கும் சி.என்.சி. மெஷின் ஒன்று இருக்கிறது. பட்டறையைப் பிரிக்க முடியாததால் நேரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் அண்ணன், மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் இவர். ஸ்பேனர், உளி, அளக்கும் டேப் எல்லாம் ஆளுக்கொன்று. என்னை மட்டும் பிரிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது நான்.

இண்டூர் ராஜாமணியின் புதுவீட்டுக்கு இரட்டைக் கதவு. கதவுக்குப் பாதியாக ஒரு கொடி, மூடினால் நடுவில் சேர வேண்டும். இடது கதவைக் காலையில் அண்ணன் வெட்டினார், வலது கதவை மாலையில் இவர். சேர்த்து நிறுத்தினால் அடியில் கொடி பொருந்தியது. மேலே போகப் போக விலகி, உச்சியில் ஒரு பாதி மூன்று மில்லி ஏறி நின்றது. புதுத் தேக்கில் மறுபடி வெட்டினார்கள். அதே கோளாறு.

"உன் டிராயிங்குலதாம்மா தப்பு" என்றார் அண்ணன். இவரும் அதையே சொன்னார். நாலு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இரண்டாவது, மெஷினை விற்றுவிடுவது.

ராஜாமணி போன் செய்தார். "வெள்ளிக்கெழம பால் காய்ச்சறோங்க. வியாழக்கெழம கதவு சரியா வரலீன்னா நான் சேலத்துல ரெடிமேடு வாங்கிக்கறேன்."

கதவு போனால் மெஷினும் போகும், என் வேலையும் போகும். அப்புறம் இந்த இரண்டு பேருக்கும் தூது போவது மட்டும்தான் எனக்கு மிச்சம். எரிச்சலாக வந்தது.

மெஷினைத் துருவிப் பார்த்தேன். மரத்தூளைத் துடைத்தேன், திருகுகளை முடுக்கினேன், ஆட்டிப் பார்த்தேன். எதிலும் ஆட்டமில்லை. பல்சக்கரத்தில் பல் தவறியிருந்தால் கொடி ஏதோ ஓரிடத்தில் திடீரென்று தாவியிருக்கும். இதுவோ நீளத்தோடு சேர்ந்து வளர்கிறது. அப்படியென்றால் தவறு மெஷினுக்குக் கொடுத்த அளவில் இருக்க வேண்டும். ஒரு மில்லி நகர மோட்டார் எவ்வளவு சுற்ற வேண்டும் என்று செட்டிங்கில் ஓர் எண் உண்டு. மூன்று நாள் அதைக் குறித்து வைத்தேன். காலையில் ஓர் எண், மாலையில் வேறு எண்.

அண்ணனைக் கேட்டேன். "ஒரு மீட்டர் பலக வெட்டி டேப்பு வெச்சுப் பாத்தேன், கம்மியா இருந்துச்சு. சரி பண்ணேன். தெனமும் கலஞ்சு போயிடுதும்மா. மிசினு பழசாயிடுச்சு."

இவரைக் கேட்டேன். "ஒரு மீட்டருக்கு அதிகமா வெட்டுது. தெனமும் கொறச்சு வெக்கறேன். பழைய மிசினு, அப்பிடித்தான்."

"எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

இவர் டேப்பை இழுத்து மரத்தை அளக்கத் தொடங்கினார்.

இரண்டு டேப்பையும் ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். அண்ணன் டேப்பின் முனைக்கொக்கி தளர்ந்து வெளியே தள்ளியிருந்தது. ஒரு மீட்டரில் ஒன்றரை மில்லி குறைத்துக் காட்டியது. அதை நம்பி எண்ணைக் கூட்டினால் இரண்டு மீட்டர் கதவில் மூன்று மில்லி ஏறும். இவர் டேப் சரியாக இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கல்யாணம் வரை சொல்லிக் காட்டுவார் என்பதால் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம், ஒருவர் கிளம்பி மற்றவர் வரும் நேரம். கடைசித் தேக்குப் பலகை இரண்டும் மேசைமேல் இருந்தன. செட்டிங்குக்கு நாலு இலக்கத்தில் பூட்டுப் போட்டேன். முதல் இரண்டை அண்ணனிடம் தனியாகச் சொன்னேன், கடைசி இரண்டை இவரிடம். இரண்டு டேப்பையும் என் பையில் போட்டுக்கொண்டு ஸ்டீல் ஸ்கேலை மேசையில் வைத்தேன்.

"இப்ப இருக்கற எண்ணு தப்பு. மாத்தோணும்னா நாலு நம்பரும் வேணும். நாளைக்கு ராஜாமணி வர்றாரு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

 மாலை அஸர் பாங்கும் சொல்லி முடிந்தது. அப்புறம் இவர் குரல்.

"மச்சான்... மொத ரெண்டு நம்பரு என்னங்க?"

அண்ணன் ஸ்டீல் ஸ்கேலை மேசையில் தட்டுவது கேட்டது. 

"மொத ரெண்டு நம்பரு போதுங்களா மாப்ளே, மொத பந்தியும் வேணுங்களா?"

இவர் சிரித்தாரா தெரியாது. மெஷின் ஓடத் தொடங்கியது. நான் எழுந்து உள்ளே போகவில்லை.

வியாழக்கிழமை ராஜாமணி கதவுகளைச் சேர்த்து நிறுத்தி, அடியிலிருந்து உச்சி வரை கொடியை விரலால் தடவிப் பார்த்தார். விரல் எங்கேயும் தட்டவில்லை.