ஞானப்பூவின் பாய் இடம்

யாக்கோபுவின் அருப்புக்கோட்டை வீட்டில் பாதி முன்னறையைப் பொம்மை ரயில் பலகை அடைத்திருந்தது. அதில் மலைரயிலுக்கென்று நேரோகேஜ் என்னும் குறுகலான தண்டவாளமும் சேர்க்க அவருக்குக் கொள்ளை ஆசை. பலகையை நீட்டினால்தான் முடியும். மிச்சமிருந்ததோ மனைவி ஞானப்பூ படுக்கிற இடம்.

“அப்ப நான் பாயை ஒங்க தலையிலயா விரிக்க?” என்று வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றாள் அவள்.

நோய் முற்றி மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவளே பாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். “இனி ஒங்க சின்ன ரயிலையும் ஓட்டிக்கோங்க.”

மனசு இறங்கிவிட்டாள் என்று பூரித்துப்போனார் அந்தப் புத்திகெட்ட மனுஷர். அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே பலகையை நீட்டித் தண்டவாளத்தையும் பதித்துவிட்டார்.

வேனில் அவள் உடல் வந்தது. தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். “எங்கண்ணே கிடத்த?”

யாக்கோபு மண்டியிட்டு, புதுத் தண்டவாளத்தை ஆணி ஆணியாகப் பிடுங்க ஆரம்பித்தார்.