பனி என்றால் தண்ணீர்

லட்சுமிநாராயணனுக்கு நாற்பத்துமூன்று வயதில் ஒரு கிறுக்குப் பிடித்தது. பழங்காநத்தத்தில் அவர் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மனுஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்கு. வருகைப் பதிவேடு, டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ் என்று பொழுது போகிற ஆள். அவருக்கு எதற்குங்க கம்ப்யூட்டர் புரோகிராம்? ஆனாலும் உட்கார்ந்தார். வீடியோ பார்த்துப் பார்த்து, தப்புத் தப்பாக எழுதி, அழித்து எழுதி, நான்கே வருஷத்தில் தன் வீட்டையே தன் பேச்சைக் கேட்க வைத்துவிட்டார்.

பொழுது சாய்ந்தால் வாசல் விளக்கு தானே எரியும். ஆள் இல்லாத அறையில் ஃபேன் தானே நிற்கும். கேட்டை யாராவது திறந்தால் போனுக்குத் தகவல் வரும். எல்லாவற்றிலும் அவருக்குப் பெருமை அந்தத் தண்ணீர்த் தொட்டிதான். முன்பெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார்கள். மாடியில் தொட்டி நிறைந்து வழிந்து, பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் காயப்போட்ட வத்தல் மேல் கொட்டும். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் பைபாஸ் ரோடு வரைக்கும் கேட்கும். அதற்குப் பயந்துதான் தொட்டிக்குள் ஒரு சென்சாரை வைத்தார். தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்கும். வீட்டுக்குள் ஸ்பீக்கரில் அவர் மகள் ரம்யாஸ்ரீயின் குரல் "பனி! பனி!" என்று கூவும்.

பனி என்றதும் மார்கழி மாதத்தை நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அந்தப் பாஷையில் தண்ணீருக்கு அதுதான் பேர். தமிழ்க் காதுக்குப் பனி என்றுதான் விழும். ரம்யாஸ்ரீ பிளஸ் ஒன் படித்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிந்து கொடுத்த குரல் அது. இப்போது அவள் கோயம்புத்தூரில் காலேஜில் இருக்கிறாள். புரோகிராமிலும் தொட்டிக்கு அவர் வைத்த பேர் 'பனி'யேதான். மற்றதுக்கெல்லாம் லைட், ஃபேன், கேட் என்று ஊர் உலகம் வைக்கிற பேர். தொட்டிக்கு மட்டும் வீட்டுப் பேர்.

இந்தச் சாமான்கள் ஒன்றோடு ஒன்று நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நெட்டில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வரில் போய்ச் சொல்லும். அது தபாலாபீஸ் மாதிரி. 'பனி நிறைந்தது' என்று தொட்டி அங்கே ஒரு கடுதாசி போடும். மோட்டார் அதை வாசித்துவிட்டு நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கோட்டையை அவர் முழுசாகத் திறந்து காட்டியது ஒரே ஒருவனுக்கு. மெர்வின். அதே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். பத்து வயது சின்னவன். "அண்ணே, அண்ணே" என்று வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தால் நேரே இங்கேதான் வருவான். லட்சுமிநாராயணன் மனைவி வசுந்தரா கையால் காப்பி குடித்துவிட்டு, "நம்ம ஸ்கூல்ல படிச்சுக் குடுக்குற எனக்கே இது வராதுண்ணே" என்பான். லட்சுமிநாராயணனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டில் மனைவியிடமிருந்து ஒரு நாளும் வராத பாராட்டு அல்லவா!

ரெண்டு மாசத்துக்கு முன்னால்தான் சனியன் பிடித்தது. மோட்டார் பாதியில் நிற்க ஆரம்பித்தது. ஏறிப் பார்த்தால் தொட்டியில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை. உள்ளேயோ "பனி! பனி!" என்று மகள் கூவுகிறாள். சென்சாரை மாற்றினார். வயரை மாற்றினார். எழுதியதை வரி வரியாக வாசித்தார். தப்பு அகப்படவில்லை. சில நாள் சரியாக இருக்கும். 'அப்பாடா' என்று உட்கார்ந்தால் மறுநாள் மறுபடியும் பாதியில் நிற்கும்.

போன மாசம் வசுந்தராவின் அண்ணனும் அண்ணியும் திருநகரிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார்கள். சரியாக அன்றைக்கு, சொல்லி வைத்தாற்போல், குழாயில் காற்று வந்தது. தலையில் சோப்பு நுரையோடு பாத்ரூம் கதவை அரை சாண் திறந்து வசுந்தரா போட்ட சத்தத்தில் அண்ணன்காரர் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்.

"ஊர்ல ஒருத்தர் வீட்டுலயும் இல்லாத கூத்து! சுவிட்சைத் தட்டினா மோட்டார் ஓடும், தட்டினா நிக்கும். இதுக்கு எதுக்கு ஒரு புரோகிராமு? உங்களுக்குத் தெரியாத வேலைய ஏன் செய்றீங்க?"

உங்களுக்குத் தெரியாத வேலை. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று; அந்த வார்த்தை மட்டும் அவரைப் போட்டு அறுத்தது. அதோடு விட்டாளா? இன்னொரு வாரமும் தண்ணீர் இல்லாமல் போக, போன ஞாயிற்றுக்கிழமை கெடு வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு எலக்ட்ரீஷியன் பேயாண்டி வருவான். எல்லாப் பெட்டியையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையபடி சுவிட்ச் மாட்டுவான். அதற்குள் கோளாறு என்னவென்று கண்டுபிடித்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் நாலு வருஷ உழைப்பு பழைய இரும்புக்கடைக்கு.

அன்றைக்கு மெர்வினும் பக்கத்தில்தான் இருந்தான். லேப்டாப்பை இழுத்து வைத்து அரை மணி நேரம் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதுனதுலயே எங்கயோ அடில தப்பு இருக்கு. இம்புட்டு பெருசா வளந்துருச்சு, இனி எங்கன்னு தேடுவீங்க? அக்கா சொல்றாப்ல கழட்டிருங்க."

"கழட்டணும்கிறியா மாப்ள?"

"வீட்டுல இருக்கத மட்டும் கழட்டுங்க. நெட்ல சர்வர் இருக்குல்ல, அது கெடக்கட்டும். பின்னால எதுக்காச்சும் ஆகும்."

என்ன அக்கறை பாருங்கள்! லட்சுமிநாராயணன் தலையாட்டினார். வாத்தியாரே சொல்கிறான், அப்புறம் என்ன? அந்த வாரம் ஆபீசில் ஒரு டி.சி.யில் தேதியை மாற்றி எழுதிவிட்டுத் தன்னைத்தானே சந்தேகப்பட்டார். புத்தி மழுங்கிவிட்டதோ? ஐம்பதை நெருங்கினால் எல்லாருக்கும் இப்படித்தானோ?

சனிக்கிழமை காலை, கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம். கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். சர்வருக்கு வருகிற ஒவ்வொரு தகவலும் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று குறித்து வைக்கிற மாதிரி பத்து வரி எழுதி ஓடவிட்டார். இந்தக் கடுதாசிகளை எல்லாம் போடுவது தன் வீடு ஒன்றுதான் என்று நாலு வருஷமாக நம்பியிருந்த ஆள், பிறகு எதற்கு அனுப்புநர் முகவரியைப் பார்க்கப்போகிறார்?

ஒன்பது மணிக்குப் 'பனி நிறைந்தது' என்று வந்தது. அது அவர் வீட்டிலிருந்து வரவில்லை. ஒன்பதரைக்கு இன்னொன்று, அது வேறு ஒரு இடம். அந்த இடங்களிலிருந்து கூடவே வேறு தகவல்களும் வந்துகொண்டிருந்தன. 'அழகுபாண்டி கேட்.' 'அழகுபாண்டி மாட்டுக்கொட்டம் ஃபேன்.' 'அலங்காநல்லூர் வாசல் லைட்.' எழுதியிருந்த முறை, புள்ளி வைத்த இடம், எல்லாம் அவருடைய கை. பேர் மட்டும்தான் மாறியிருந்தது. லைட்டுக்குப் பேர் மாற்றி, ஃபேனுக்குப் பேர் மாற்றி, கேட்டுக்குப் பேர் மாற்றிய எவனோ ஒருவன், 'பனி'யை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறான்.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலங்காநல்லூரில் அழகுபாண்டி வீடு எது என்று டீக்கடையில் கேட்டதும் காட்டிவிட்டார்கள். ஊர் எல்லையில் புது வீடு. கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்துபோய் இன்னும் தொங்கியது. கேட்டைத் தொட்டதும் மேலே விளக்கு மினுங்கியது. அது அவர் வைத்த மினுக்கு. மூன்று தரம் மினுங்கி நிற்கும்.

அழகுபாண்டி முரட்டு மீசையும் வெள்ளந்திச் சிரிப்புமாக வந்தார். இந்த ஆட்டோமேட்டிக் சாமான்களைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்ததாக லட்சுமிநாராயணன் சொன்னதும் மனுஷனுக்குக் குஷி தாங்கவில்லை.

"வாங்கண்ணே, உள்ள வாங்க! எல்லாம் நம்ம மெர்வின் சார் போட்டுக் குடுத்தது. கம்பெனிச் சரக்கு இல்லண்ணே, அவரா உக்காந்து எழுதுனது. நாலு வருசம் ஆச்சாம்ல! முதல்ல தண்ணித் தொட்டிலதான் ஆரம்பிச்சாராம். பக்கத்து வீட்டு அம்மா வத்தல் நனைஞ்சு சண்டைக்கு வந்துச்சாம். அந்த வைராக்கியத்துல எழுதுனேன்னாரு."

அடப்பாவி! புரோகிராமைத் திருடினான், சரி. ரெங்கம்மாள் வத்தலையுமா திருடுவான்? அந்த நேரம் பார்த்து, கூடத்து மூலையிலிருந்து லட்சுமிநாராயணன் பெற்ற மகள் கூவினாள்.

"பனி! பனி!"

"அது ஒண்ணுதான்ணே விளங்க மாட்டேங்குது" என்றார் அழகுபாண்டி. "மெர்வின் சார்ட்ட கேட்டேன். 'அது ஏசிக்கு உள்ளதுண்ணே, ஏசி மாட்டுனா வேலை செய்யும், இப்போதைக்கு விட்ருங்க'ன்னாரு. வீட்டுல ஏசியே இல்ல. ஆனா பிள்ளைக்கு என்ன குரல்ணே! கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

புரிந்துவிட்டது. பனி என்றால் குளிர்ச்சி என்று நினைத்திருக்கிறான் மெர்வின். ஏசி சம்பந்தப்பட்டது, நமக்கு வேண்டாம், கை வைத்தால் ஏதாவது கெட்டுவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறான். நாலு வருஷம் வாராவாரம் அந்த வீட்டில் காப்பி குடித்தவன், அந்த வீட்டில் தண்ணீரை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று காது கொடுத்ததே இல்லை. ரெண்டு வீட்டுக் கடுதாசியும் ஒரே தபாலாபீசுக்கு, ஒரே பேரில் போகிறது; இங்கே தொட்டி நிறைந்தால் அங்கே மோட்டார் நிற்கிறது. அங்கே நிறைந்தால் இங்கே நிற்கிறது.

"உங்க மோட்டாரும் பாதில நிக்குதா?"

"ஆமாண்ணே! உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு மாசமாச் சொல்றேன். சரியாயிரும் சரியாயிரும்னு சொல்லிட்டு இருக்காரு."

அழகுபாண்டி நீட்டிய மோரை வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தார். அந்த மனுஷன் மேல் என்ன தப்பு?

நேரே பள்ளிக்கூடம். சனிக்கிழமை மத்தியானம் லேபில் மெர்வின் தனியாக இருந்தான். "அலங்காநல்லூர் போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொன்னார். அவன் கையிலிருந்த மவுஸ் நின்றது.

"அண்ணே, நானே சொல்லணும்னுதான்..."

"எம்புட்டு வீட்டுலடா மாட்டியிருக்க?"

"மூணுதான்ணே. அதுவும் திருட்டுத்தனமா எடுக்கல. அக்காட்ட கேட்டுத்தான் எடுத்தேன்."

"எந்த அக்கா?"

"நம்ம வசுந்தரா அக்காதான். பாஸ்வேர்டு குடுத்ததே அவங்கதானண்ணே."

பளாரென்று ஒன்று விடத்தான் கை ஓங்கியது. அந்தப் பேரைக் கேட்டதும் கை தானாக இறங்கிவிட்டது. வண்டியை எப்படி ஓட்டி வீட்டுக்கு வந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

வசுந்தரா முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனி அவர்கள் பேசியது சௌராஷ்டிரத்தில்; நமக்குத் தமிழில்.

"மெர்வினுக்குப் பாஸ்வேர்டு குடுத்தியா?"

அவள் நிமிர்ந்தாள். மறைக்கவில்லை. "குடுத்தேன். நீங்க இல்லாதப்ப வந்து கேட்டான். உங்ககூடப் பழகுறவன்தானே. படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டணும்னான்."

"அவன் வீடு வீடா மாட்டிட்டு இருக்கான். அதுனாலதான் நம்ம தொட்டி..."

"தெரியும்."

அந்த ஒற்றை வார்த்தையை அவர் எதிர்பார்க்கவில்லை. அழுவாள், ஐயோ ஏமாத்திட்டானா என்று பதறுவாள், ரெண்டு பேருமாக உட்கார்ந்து அவனைத் திட்டலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார்.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"அவனே வந்து சொன்னான். ரெண்டு பக்கமும் மோதுது, அண்ணனைக் கழட்டச் சொல்லுங்கக்கா, எல்லாருக்கும் சரியாயிரும்னான்."

"உங்க அண்ணன் வந்திருந்தப்ப? தலையில நுரையோட நின்னு அம்புட்டு பேர் முன்னாடி என்னைக் கேட்டியே, தெரியாத வேலைய ஏன் செய்றீங்கன்னு. அப்பவே தெரியுமா?"

மடித்த புடவையை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

"தெரியும். வேற என்ன செய்யச் சொல்றீங்க? நாலு வருஷத்துல ஒரு வேளை என்கூட முழுசா உக்காந்து சாப்பிட்டிருக்கீங்களா? போன் கூவினா எந்திரிச்சு ஓடுறது, மாடிக்கு ஏறுறது. நான் சொல்லிக் கழட்டியிருப்பீங்களா? அதுவாக் கெட்டுப்போச்சுன்னா விட்ருவீங்கன்னு நினைச்சேன்."

கேட்டிருந்தால் கழற்றியிருப்பாரா? மாட்டார்தான். அது அவருக்கே தெரியும். அவள் தட்டில் சோறு ஆறிப்போன நாட்களும் ஞாபகம் இருந்தன. ஆனால் அதற்காக? கட்டினவனை ஒரு மாசம் தன் புத்தியையே சந்தேகப்பட விட்டு, அவன் வயரைப் பிடித்துக்கொண்டு மொட்டை வெயிலில் தவிப்பதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களா? மெர்வின் செய்தது திருட்டு. அவனைத் திருடன் என்று சொல்லிவிடலாம். இவளை என்னவென்று சொல்வது? அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

சர்வரின் பாஸ்வேர்டை மாற்றினார். தன் வீட்டுப் பெட்டிகளுக்கு மட்டும் புதிதைச் சொல்லிக் கொடுத்தார். ஐந்து நிமிஷ வேலை. மோட்டாரைப் போட்டார். தொட்டி விளிம்பு வரை ஏறியது, மோட்டார் நின்றது. நாலு வருஷமாக அவர் எழுதியதில் ஒரு வரியும் தப்பில்லை. பேயாண்டிக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம், கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது என்றார். மெர்வின் ஏழு தரம் கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை.

ஆறு மணி இருக்கும். வசுந்தரா தன் போனை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். குரல் தணிந்திருந்தது.

"என் போன்ல எதுவும் வர மாட்டேங்குது. புதுப் பாஸ்வேர்டு என்ன?"

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். அவளுக்குத் தெரியாமல் அவர் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்ததில்லை. வங்கிக் கார்டின் ரகசிய எண்கூட ரெண்டு பேருக்கும் ஒன்றுதான், அவள் பிறந்த வருஷம். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"உனக்கு எதுக்கு?"

கேட்ட பிறகு அவரே ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். அவள் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள், இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று. அவர் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.